ரேகை விழாத கைநாட்டு

என் வாயாடி மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு நர்ஸம்மா எழுதுகிற கடிதம். ஆண்டவர் தயவால் நான் இங்கே முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் இப்போது அதைக் கேட்டால் நீ பொய்தான் எழுத வேண்டியிருக்கும், அதனால் இன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். அதற்கு உண்மையான பதில் எழுது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. போனில் கூப்பிட்டால் ம், ம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறவள் இவ்வளவு கனமாக ஒரு உறை அனுப்பியிருக்கிறாளே என்று அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். நர்ஸம்மாதான் வாசித்துக் காட்டினார்கள். இந்த மூன்றாவது தடவையும் குழந்தை தங்கவில்லை, ஏழாம் மாதத்தில் போய்விட்டது என்பது மாப்பிள்ளை போனில் சொல்லி எனக்கு முன்பே தெரியும். மூன்றாவது பக்கத்தில் நர்ஸம்மாவின் விரல் ஒரு இடத்தில் நின்று, அடுத்த வரிக்குத் தாண்டியது. எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர விரல் போகிற போக்குத் தெரியும். "அம்மா, ஒரு வரி விட்டுப்போச்சு" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் பெரியவரே" என்று அவர்கள் கேட்க, "நாப்பது வருஷம் படுக்கை விரிப்பு மடிச்சவன்மா, நடுவுல ஒண்ணு உருவினா தெரியாதா" என்றேன். பிறகு வாசித்தார்கள். அங்கே உங்கள் சபைப் பதிவேட்டில் உன் பெயரை அடித்துவிடச் சொல்லிவிட்டாய், உனக்கும் ஆண்டவருக்கும் இனி ஒன்றுமில்லை, அப்பா உனக்காக ஜெபம் பண்ண வேண்டாம், அவ்வளவுதான். வாசித்து முடித்துவிட்டு நர்ஸம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அழுக்கே இல்லாத கண்ணாடி.

நான் கோபப்படுவேன் என்று நீ பயந்து எழுதியிருக்கிறாய். கோபம் இல்லை கண்ணு. பயம் இருக்கிறது, அது எனக்குப் பழைய பயம், அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா இருந்திருந்தால் இதை நாலே வரியில் முடித்திருப்பாள். அவள் போய் இந்த மழைக்காலத்தோடு இரண்டு வருடம். எனக்குச் சுருக்கத் தெரியாது, நர்ஸம்மா புதுப் பேனா எடுத்து வைத்திருக்கிறார்கள், நீ பொறுமையாக வாசி.

நெட்டை மாமா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா, "வாங்க வாங்க, என் பதிவுப் புருஷன் வந்துட்டார்" என்று கேலி பண்ணுவாளே, நினைவிருக்கிறதா? நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அந்தக் கதையில் சிரிக்கிற பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். எங்கள் கல்யாணத்தன்று அந்தக் கோயிலில் மூன்று கல்யாணம், எங்களுடையது நடுவில். பதிவேடு எழுதுகிற உபதேசியாருக்கு மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் அன்று காலையில்தான் விழுந்து உடைந்திருந்தது. அடுத்த மணப்பெண் வாசலில் வந்து நிற்கிறாள், இவர் அவசரத்தில் "கையெழுத்தை மட்டும் போட்டுட்டு நகருங்க, பேரையெல்லாம் சாயங்காலம் நிரப்பிக்கிறேன்" என்றார். உன் அம்மா தன் கட்டத்தில் முத்து முத்தாக எழுதினாள். நெட்டையன் என்னோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவன், எனக்கு மாப்பிள்ளைத் தோழன், அந்த வருடம்தான் யாரிடமோ கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்தான். காலியான இடம் எதைக் கண்டாலும் போட்டுவிடுவான், எங்கள் கூடத்துச் சுவரில் நீராவி படிந்த இடத்தில்கூட விரலால் போட்டு வைத்திருந்தான். அன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு மணமகன் கட்டத்தில் வளைத்து நெளித்துப் போட்டுவிட்டான். எனக்கு எல்லாக் கட்டமும் ஒன்றுதான், மீதி இருந்த கட்டத்தில் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினேன். ரேகை அவ்வளவு தெளிவாக விழுந்தது, வெட்டின மரத்தில் வளையம் தெரிவது போல. அது சாட்சிக்கான கட்டம். உபதேசியார் சாயங்காலம் ஒற்றைக் கண்ணாடியில் கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பெயர்களை நிரப்பிவிட்டார். அந்தப் புத்தகத்தின்படி உன் அம்மா நெட்டையனைக் கட்டிக்கொண்டாள், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன்.

இது தெரியாமலே பதின்மூன்று வருடம் குடும்பம் நடத்தினோம். இனி நீ கேட்காத பாதி. உன் அண்ணன் போனது உனக்குத் தெரியும், அப்போது உனக்கு இரண்டு வயது, அவனுக்கு ஐந்து. காய்ச்சல் என்று நாங்கள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தான். நான் வேலை முடிந்து நேராக வார்டுக்குப் போவேன். அவன் சிரிப்பதற்காக விரிப்பின் மூலையை முறுக்கி, இரண்டு காது வைத்து, முயல் மாதிரி முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன், அதன் காதைப் பிடித்துக்கொண்டே தூங்குவான். உன் அம்மா கட்டிலுக்கு இந்தப் பக்கம் முழங்காலில், நான் அந்தப் பக்கம் முழங்காலில். அந்த ஒன்பது நாளும் நான் ஜெபித்த மாதிரி அதற்குமுன் ஜெபித்ததில்லை. பத்தாவது நாள் அடக்கம். அதற்கடுத்த காலை நான் வேலைக்குப் போய்விட்டேன், வீட்டில் இருக்க முடியவில்லை. குழந்தைகள் வார்டிலிருந்து தள்ளுவண்டி வந்தது. நான்தான் இறக்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ விரிப்பில் என் முயல் முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சை அவிழ்க்காமல் துவைக்க முடியாது. அவிழ்த்தேன்.

அன்றோடு சரி. ஆண்டவரோடு எனக்குப் பேச்சு இல்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். மடிப்பு மேசையில் இருந்த நான் மேஸ்திரியிடம் கேட்டு வெளுப்புத் தொட்டிக்கு மாறிக்கொண்டேன். அங்கே உருளை சுற்றுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் இருமினால்கூடக் கேட்காது, ஆள் தாராளமாக அழலாம். கையுறை கொடுப்பார்கள், நான் போட்டதில்லை. சோடாவும் பிளீச்சிங் பவுடரும் கொதிதண்ணீரும், ஏழு வருடம்.

ஏழு வருடம் கோயிலுக்குள் காலை வைக்கவில்லை. உன் அம்மா ஒரு தடவைகூட வாங்க என்று கூப்பிட்டதில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் கையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவாள், நான் குடையை எடுத்துக்கொண்டு கோயில் வாசல் கேட் வரை கூட வருவேன். நீங்கள் உள்ளே போனதும் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காருவேன். பாட்டு கேட்கும். முடிந்ததும் நீ ஓடி வந்து என் சட்டையை மோந்து பார்த்து "அப்பா திரும்பவும் சிகரெட்டா" என்பாய். அப்பா புகைக்கத்தான் வெளியே நிற்கிறார் என்று நீ நினைத்தாய், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். டீக்கடைக்காரர் மட்டும் ஒரு நாள் சொன்னார், "ஏன்யா, மழையோ வெயிலோ ஒரு வாரம் தப்பாம வர்றே, ஆனா ரோட்டைத் தாண்ட மாட்டேங்கிற. உள்ள இருக்கிறவங்கள்ல பாதிப் பேரு உன்னளவுக்கு ஒழுங்கா வர்றதில்ல." நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் கல்யாணமான ஊழியர்களுக்கு இரண்டு அறை வீடு ஒதுக்குகிறார்கள், கல்யாணச் சான்றிதழ் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். கொதிகலன் சுவரை ஒட்டின நம் ஒற்றை அறை நினைவிருக்கும், சுவரில் முதுகு வைத்தால் சுடும். அம்மா சான்றிதழ் கேட்கப் போனாள். புதிதாக வந்திருந்த போதகர் பழைய பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தாராம். பிறகு தயங்கித் தயங்கி, "அம்மா, உங்க வீட்டுக்காரர்னு இதுல வேற ஒருத்தர் பேரு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாராம். விஷயம் நெட்டையன் வீட்டுக்கும் போயிற்று. அவன் மனைவி நம் வாசலில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, மொதல்ல கட்டினது நீங்கன்னா நான் யாரு, இந்தத் தடியனை நீங்களே வச்சுக்கங்க, தீனி போட்டு மாளல" என்றாள். அம்மா, "ஐயோ வேண்டாம்மா, ஒண்ணையே என்னால சமாளிக்க முடியல" என்றாள். இதுவரைக்கும் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது, அதைத் திருத்த போதகர் சொன்ன வழி. மூன்று பேரும் வர வேண்டும், பீடத்துக்கு முன்னால் நின்று அன்றைக்குச் சொன்ன வாக்கை மறுபடி சொல்ல வேண்டும், அதன்பிறகு புது வரியில் சரியாக எழுதலாம். நான் முடியாது என்றேன். புத்தகத்தை கேட்டுக்குக் கொண்டு வரச் சொல், அங்கேயே கைநாட்டு வைக்கிறேன் என்றேன். புத்தகம் கோயிலைத் தாண்டாது என்று பதில் வந்தது. நானும் தாண்ட மாட்டேன் என்றேன். அம்மா சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "அப்ப வீடு வேண்டாம். உங்களுக்கு மனசில்லாத இடத்துக்கு ரெண்டு ரூமுக்காக நீங்க வர வேண்டாம். வீட்டுக்காக வந்தீங்கன்னா அப்புறம் வீட்டைப் பார்க்கிறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வரும்" என்றாள். அவ்வளவுதான், மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலாம் நாள் நானே அவளையும் நெட்டையனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவள் மடித்து வைத்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போனேன்.

அது ஒரு புதன்கிழமை, நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை, நடைபாதையில் பெருக்கின துடைப்பம் சாய்ந்து கிடந்தது. போதகர் முதலில் அம்மாவிடம் கேட்டார், நோயிலும் சுகத்திலும் என்று அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் "ஆமா" என்றுவிட்டாள். என்னிடம் கேட்டார். அவளை ஏற்றுக்கொள்வதில் எனக்கு என்ன கஷ்டம். யார் முன்னால் நின்று சொல்கிறேன் என்பதுதான் கஷ்டம். "ஐயா, எம் பையனை எடுத்துக்கிட்டவர் முன்னாடி நின்னு நான் என்ன வாக்குக் கொடுக்கிறது" என்று கேட்டுவிட்டேன். சின்ன வயதுப் போதகர், பாவம், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். உன் அம்மாதான் என் பக்கம் திரும்பினாள். "அவன் எனக்கும் பையன்தான். இந்தப் பதிமூணு வருஷத்துல எத்தனை நாள் உங்க மேல கோபமா இருந்திருக்கேன், முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்திருக்கேன். அப்பவும் உங்க வீட்டுலதானே படுத்திருந்தேன்? கோபம் போனப்புறம் சொல்லலாம்னு காத்திருக்காதீங்க. கோபத்தோடவே சொல்லுங்க" என்றாள். நான் சொன்னேன். சொன்னேனா, கத்தினேன். "ஏத்துக்கறேன்" என்று நான் கத்தின கத்தலில் மேலே உத்தரத்தில் இருந்த புறா எல்லாம் பறந்தது, நெட்டையன் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனான். அவளைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் அவளுக்கு மட்டும் சொன்னது அல்ல என்று அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும்.

பிறகு கைநாட்டு. போதகர் கட்டத்தின்மேல் தன் விரலை வைத்து "இங்கதான், இங்க மட்டுந்தான்" என்று காட்டினார். அழுத்தினேன். வெறும் கறுப்பு. மையைத் துடைத்துவிட்டு மறுபடி, அதுவும் கறுப்பு. மூன்றாவது தடவை என் விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார், கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது, ஒரு கோடு இல்லை. ஏழு வருடத்துத் தொட்டி எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது, நானே அன்றுதான் பார்த்தேன். "ரேகை இல்லாம இது யாரோடதுன்னு எப்படிச் சொல்றது" என்று அவர் கவலைப்பட்டார். உன் அம்மா "எனக்குத் தெரியும்" என்று பேனாவை வாங்கி, அந்தக் கறுப்புப் பொட்டுக்குப் பக்கத்தில், இது என் வீட்டுக்காரர் என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டாள். சாட்சிக் கட்டத்தில் நெட்டையன் அன்று ஒரு வளைவு நெளிவு இல்லாமல் கையெழுத்துப் போட்டான்.

மை காய்கிற வரைக்கும் போதகர் ஒரு விஷயம் சொன்னார். பழைய காலத்தில் ஒரு தீர்க்கதரிசியிடம், உன்னை விட்டுப் போன மனைவியைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வா, நான் யார் என்று ஜனங்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கடவுள் சொன்னாராம். ராஜா, நியாயாதிபதி என்றெல்லாம் சொல்லிக்கொண்ட அவரே, வீட்டை விட்டுப் போனவளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிற புருஷன் என்றும் தன்னைச் சொல்லிக்கொண்டார் என்றார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. "அப்ப இந்தக் கதையில நான் யாரு ஐயா" என்று கேட்டேன். நெட்டையன் சும்மா இருப்பானா, "டேய், நீ பொண்டாட்டிடா, ஓடிப்போன பொண்டாட்டி" என்றான். அவ்வளவு நேரம் இறுக்கமாக இருந்த போதகர் சிரித்துவிட்டார், உன் அம்மா சிரித்துச் சிரித்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தக் கோயிலுக்குள் சிரித்தவன், பையனைப் பறிகொடுத்த அதே நான்தான். துக்கம் ஒரு பிடிகூடக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளிடம் கேட்டேன், ஏழு வருஷமும் தனியா உட்கார உனக்கு ஒரு மாதிரியா இல்லையா என்று. "தனியா எங்க உட்கார்ந்தேன், உங்க இடத்துல என் பையை வச்சிருந்தேன்ல" என்றாள். யாராவது அங்கே உட்கார வந்தால், "ஆள் வராங்க" என்பாளாம். எப்போது வருவார் என்று கேட்டால், "வாசல் வரைக்கும் வந்துட்டாரு" என்பாளாம்.

இதையெல்லாம் உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், பெயரை அடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான். பதின்மூன்று வருடம் அந்தப் புத்தகத்தில் நான் உன் அம்மாவுக்கு யாருமில்லை. உன் அண்ணன் பிறந்ததும், போனதும், நீ பிறந்ததும் அந்த வருடங்களில்தான். அவள் எந்த நாளிலாவது எனக்கு மனைவியாக இல்லாமல் இருந்தாளா? அதனால் அந்த ஊர்ப் பதிவேட்டில் கோடு போட்டார்கள் என்று கேட்டு நான் உட்கார்ந்து அழவில்லை. நீ கோயிலுக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் போ என்று சொல்ல எனக்கு என்ன தகுதி, ஒருவனைக் கொடுத்துவிட்டே ஏழு வருடம் ரோட்டைத் தாண்டாதவன். ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை, அங்கே போனால் முதல் கேள்வி அதுதான், உன் அம்மா எனக்கு முன்னால் கேட்டு வைத்திருப்பாள். நீ அவரோடு சண்டை போடு. எனக்கு என்ன பயம் என்றால், சண்டையை விட்டுவிட்டு நீ ஒன்றுமில்லை என்று சொல்கிறாயே, அதுதான். ஒன்றுமில்லாதவர் மேல் யாராவது நாலு பக்கத்துக்குக் கோபப்படுவார்களா கண்ணு.

ஜெபம் பண்ண வேண்டாம் என்றாய். அந்த ஒன்றில் அப்பா உன் பேச்சைக் கேட்க மாட்டேன், வேண்டுமானால் உன் பெயரைச் சொல்லாமல் பண்ணுகிறேன், அவருக்கு யார் என்று தெரியாதா என்ன.

மற்றபடி இங்கே சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரன் நாளை நாளை என்கிறான். நெட்டை மாமா இப்போது கூன் விழுந்து என் உயரம் ஆகிவிட்டான், நெட்டையா என்று கூப்பிட்டால் கோபம் வருகிறது. ஞாபகமும் தப்பிப் போகிறது. போன மாதம் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என் பதிவுப் பொண்டாட்டி எங்கடா, டீ போடச் சொல்லு" என்றான். அவள் போய்விட்டாள் என்று எத்தனை தடவை அவனுக்குச் சொல்வது, கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நானே டீ போட்டேன். குடித்துவிட்டு, அவள் கைப்பக்குவம் குறைந்துவிட்டது என்றான்.

மாப்பிள்ளையையும் கொஞ்சம் பார்த்துக்கொள். அவர் உன் முன்னால் அழ மாட்டார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றால் கதவைத் தட்டாதே, வெளியே வந்ததும் பக்கத்தில் உட்கார், ஒன்றும் கேட்க வேண்டாம். உன் அம்மா எனக்கு அப்படித்தான் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் போய் உடம்பைக் காட்டு, கனமான எதையும் தூக்காதே, வீட்டில் குழந்தைக்காக வாங்கி வைத்த துணிமணி இருந்தால் அதை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதே, தூக்கியும் போடாதே. மடித்து வை. எப்போது என்ன செய்வது என்று பிறகு உனக்கே தெரியும்.

உன் அம்மாவின் கைப்பை என்னிடம்தான் இருக்கிறது, வார் மட்டும் பிய்ந்திருந்தது, நர்ஸம்மா தைத்துக் கொடுத்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போய் என் பக்கத்தில் பெஞ்சில் வைக்கப் போகிறேன். யாராவது உட்கார வந்தால் ஆள் வராங்க என்பேன். யார், எப்போது என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், நீ அவசரப்பட வேண்டாம்.

கையை நீட்டினால் உன் தலை எட்டாத தூரம், ஆனாலும் இரண்டு கையையும் வைத்து உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கிறேன். உன் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறவர் உன் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே அம்மா வேறு இருக்கிறாள், அவள் விட்டுவிட மாட்டாள். முதலில் கேட்ட கேள்வியை மறந்துவிடாதே, சாப்பிட்டாயா என்று பதில் போடு.

கைநாட்டு எங்கே வைப்பது என்று நர்ஸம்மாவிடம் இரண்டு தரம் கேட்டுச் சரிபார்த்துத்தான் வைத்திருக்கிறேன். கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் தெரிந்தால் யாருடையதோ என்று நினைத்துவிடாதே. உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ரோட்டைத் தாண்டி வந்த உன் அப்பா